தோற்றவர்கள் அள்ளும் மண்

ஆட்டம் முடிந்ததும் சைரன் ஊதும். இரண்டு அணிகளும் நேருக்கு நேர் வரிசைகட்டி நின்று தலைதாழ்த்தி வணங்கிக்கொள்ளும். வென்ற பள்ளியின் பாடல் மைதானம் முழுக்க ஒலிக்கும். தோற்ற பள்ளியின் பையன்கள் அதை நின்று கேட்டாக வேண்டும். பிறகு, தங்களுக்காகத் தொண்டை வறளக் கத்திய கூட்டத்தின் முன் ஓடிப்போய் ஒரு வணக்கம். கடைசியாகத்தான் அந்தக் காரியம் நடக்கும். தங்கள் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தரையை வழித்து, ஷூ வைக்கும் துணிப்பைக்குள் மண்ணை அள்ளிப் போடுவார்கள். சிலர் அழுதுகொண்டே அள்ளுவார்கள். சிலர் மும்முரமாக, கையளவு பார்த்துப் பார்த்து அள்ளுவார்கள். எதிரே புகைப்படக்காரர்கள் குந்தியிருந்து கேமராவை முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆட்டத்துக்கான அணிகள் வந்துவிடும் என்பதால் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும்.

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், நிஷினோமியா நகரில் இருக்கும் கோஷியென் மைதானம் அது. ஆகஸ்ட் மாதம் அங்கே நடக்கும் தேசிய மேல்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியை நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும். ஏறத்தாழ 3,400 அணிகள் தகுதிச் சுற்றுகளில் மோதி, அதிலிருந்து 49 அணிகள் கோஷியெனுக்கு வருகின்றன. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆக, ஒவ்வொரு கோடையிலும் 48 அணிகள் அந்த மைதானத்தில் தோற்கின்றன. தோற்ற கையோடு அள்ளிப்போகும் அந்த மண்ணின் கதை மைதானத்தைவிடச் சுவையானது.

முதலில் ஒன்று: கோஷியென் மண் கோஷியெனில் விளைந்ததல்ல. ஹன்ஷின் மின்சார ரயில் நிறுவனம் 1924-இல் இந்த மைதானத்தைக் கட்டியது ஒரு பழைய ஆற்றுப்படுகையின் மேல். மார்ச்சில் தொடங்கிய வேலை ஜூலை இறுதிக்குள் முடிந்து, ஆகஸ்ட் 1 அன்று திறப்பு விழா நடந்தது. ஆற்றுமணல் வெளுப்பாக இருந்தது. வெள்ளைப் பந்து அதில் உருண்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கோபே பக்கத்திலிருந்து கருமண்ணும் அவாஜி தீவிலிருந்து செம்மண்ணும் கொண்டுவந்து கலந்தார்கள். கலவையின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: பந்து பளிச்சென்று தெரிய வேண்டும்.

இன்றும் அது கலவைதான். கருமண் ஒகயாமா, மியே, ககோஷிமா, ஒய்தா, தொத்தோரி எனப் பல மாகாணங்களிலிருந்து வந்திருக்கிறது. மணல் ஒரு காலத்தில் பக்கத்துக் கடற்கரையில் எடுத்தது. பிற்பாடு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்துகூட வந்தது. விகிதமும் நிலையானதல்ல. வசந்த காலத்தில் இன்னொரு பள்ளிப் போட்டி அங்கே நடக்கும். அப்போது மழை அதிகம் என்பதால் மணலைக் கூட்டுவார்கள். கோடையில் வெயில் கண்ணைக் கூசவைக்கும். பந்து தெரிவதற்காகக் கருமண்ணைக் கூட்டுவார்கள். ஹன்ஷின் எங்கெய் என்ற நிறுவனத்தின் மைதானப் பணியாளர்கள் ஆண்டுத் தொடக்கத்தில், ஆட்டங்கள் இல்லாத குளிர்காலத்தில், மண்ணை உழுது அடிமண்ணை மேலே புரட்டிவிடுவார்கள். பிறகு மழையில் நனையவிட்டு, உருளையால் இறுக்குவார்கள். கொட்டும் மழையிலும் அவர்கள் மைதானத்தை மீட்டு ஆட்டத்துக்குத் தயார்செய்யும் வேகத்துக்கு ஜப்பானில் தனி ரசிகர் கூட்டமே உண்டு.

இந்த மண்ணை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனவர் யார் என்பதற்கு ஒன்றுக்கு மூன்று கதைகள் உள்ளன. 1937 இறுதிப் போட்டியில் குமாமோட்டோ தொழிற்பள்ளியின் பந்துவீச்சாளராக இருந்தவர் கவகாமி தெத்சுஹாரு. சுக்யோ வணிகப் பள்ளியிடம் தோற்ற பிறகு கொஞ்சம் மண்ணை எடுத்துப்போய்த் தன் பள்ளி மைதானத்தில் தூவினார் என்கிறார்கள். பின்னாளில் அவர் ‘பேட்டிங்கின் கடவுள்’ என்று பெயரெடுத்தார். யோமியூரி ஜயன்ட்ஸ் அணியின் மேலாளராக 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. தாய்க்கோயிலில் பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் சாமியை நிலைநிறுத்துவதைப்போல, பெரிய களத்தின் மண்ணைச் சொந்தக் களத்தில் சேர்த்தார் அந்தப் பையன். இன்றும் பல பள்ளிகளில் இதே வழக்கம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆடப்போகும் தம்பிகள் அதன்மேல் ஓடிப் பழகட்டும் என்று.

இரண்டாவது கதையில் மைதானமே வேறு. போர்க்காலத்தில் கோஷியென் படாத பாடு பட்டது. பார்வையாளர் பகுதியின் பிரம்மாண்ட இரும்புக் கூரையை 1943-இல் உலோகத்துக்காகப் பெயர்த்தெடுத்தார்கள். உள்களத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரானது. வெளிக்களத்தில் ராணுவ லாரிகள் நின்றன. போர் முடிந்ததும் மைதானத்தை அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டது. அதனால் 1946-இல் போட்டி அருகிலிருந்த நிஷினோமியா மைதானத்தில் நடந்தது. அங்கே தோற்ற தோக்கியோ பள்ளி ஒன்றின் பயிற்சியாளர், அடுத்த ஆண்டும் ஆட வாய்ப்புள்ள பையன்களிடம் அவரவர் நின்று ஆடிய இடத்து மண்ணை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அடுத்த ஆண்டு வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. அந்த மண் நினைவுப்பொருள் ஆகவில்லை; கடனாகத்தான் இருந்தது.

மூன்றாவது கதைதான் ஜனங்களின் மனதில் ஒட்டியது. கொகுரா பள்ளி 1947, 1948 இரண்டு ஆண்டுகளும் கோடைப் பட்டம் வென்றது. இரண்டிலும் பந்துவீசியவர் ஃபுகுஷிமா கசுவோ. 1948-இல் எதிரணிகளுக்கு ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஐந்து ஆட்டங்களையும் முடித்தவர். 1949-இல் மூன்றாவது பட்டத்துக்காக வந்தபோது தோள் ஓய்ந்திருந்தது. காலிறுதியில் குராஷிகி தொழிற்பள்ளியிடம் தோல்வி. மைதானத்தை விட்டு வெளியேறும்போது தன்னையறியாமல் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போட்ட நினைவுகூட அவருக்கு இல்லை. வீட்டுக்குப் போன பிறகு போட்டி நிர்வாகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: பள்ளியில் கற்க முடியாத ஒன்றை நீ கற்றிருக்கிறாய், அது உன் பையில் இருக்கிறது என்ற பொருளில். சீருடைப் பையைத் துழாவினால் மண். அதை வீட்டிலிருந்த ரப்பர் செடித் தொட்டியில் போட்டு வைத்தார்.

எந்தக் கதை முந்தியது என்பதைவிட இந்த மூன்றுக்கும் பொதுவானதைக் கவனிக்கலாம். மூன்றிலும் மண் எடுத்தவர்கள் தோற்றவர்கள். இரண்டு பட்டங்கள் வென்றபோது ஃபுகுஷிமாவுக்கு மண் எடுக்கத் தோன்றவில்லை.

அந்த மண் எல்லை தாண்டப் போய் மாட்டிக்கொண்டது 1958-இல். அது 40-ஆவது போட்டி என்பதால் எல்லா மாகாணங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த ஒகினாவாவுக்கும் அழைப்பு போனது. ஷூரி மேல்நிலைப் பள்ளி அணி கப்பலேறி வந்தது. பேசுவது ஜப்பானிய மொழி, படிப்பது ஜப்பானியப் பள்ளிப் பாடம். ஆனாலும் ஜப்பானுக்குள் வரப் பயண ஆவணம் வேண்டும். தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி சொன்னவர் அந்த அணியின் தலைவர்தான். முதல் ஆட்டத்தில் ஃபுகுயி மாகாணத்தின் சுருகா பள்ளியிடம் 0-3 எனத் தோற்றார்கள். மற்றவர்களைப் போலவே மண் அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள்.

நாஹா துறைமுகத்தில் அதிகாரிகள் நிறுத்தினார்கள். தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டப்படி அன்னிய நாட்டு மண்ணை உள்ளே விட முடியாது. ஒகினாவாவைப் பொறுத்தவரை கோஷியென் மண் அன்னிய நாட்டு மண். சட்டத்தில் தப்பு சொல்ல முடியாது. மண்ணோடு பூச்சியும் கிருமியும் வரும் என்பது உண்மைதான். மண் கடலில் கொட்டப்பட்டது. தங்கள் நாடு எது என்று அந்தப் பையன்களுக்கு அதைவிட எளிமையாக யாரும் விளக்கியிருக்க முடியாது.

செய்தி பத்திரிகைகளில் வந்து ஜப்பான் முழுக்க மனதைச் சங்கடப்படுத்தியது. ஜப்பான் ஏர்லைன்ஸின் விமானப் பணிப்பெண் ஒருவர் வழி கண்டுபிடித்தார். மண்ணுக்குத்தான் தடை, கல்லுக்கு இல்லையே! கோஷியென் பக்கத்துக் கடற்கரையில் கூழாங்கற்களைப் பொறுக்கி அந்தப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். ஷூரி பள்ளியில் இன்றும் அந்தக் கற்கள் பதித்த நினைவுச் சின்னம் நிற்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1963-இல், அதே ஷூரி பள்ளிதான் கோஷியெனில் ஒகினாவாவின் முதல் வெற்றியைப் பெற்றது. ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியது 1972-இல். அதற்குப் பிறகு ஒகினாவாப் பிள்ளைகளின் மண்ணை யாரும் துறைமுகத்தில் தடுக்கவில்லை.

அள்ளிய மண் பிறகு என்னவாகிறது? பெரும்பாலும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. ஓர் அணியில் இப்போது 20 பேருக்குத்தான் சீருடை எண் கிடைக்கும். 2022 வரை 18 பேர்தான். பெரிய பள்ளிகளில் பேஸ்பால் குழுவில் நூறு பேர்கூட இருப்பார்கள். மூன்று வருடம் மொட்டை வெயிலில் பந்து பொறுக்கி, மைதானம் கூட்டி, கடைசியில் எண் கிடைக்காத இறுதியாண்டுப் பையன்கள் ‘ஆல்ப்ஸ்’ என்று அழைக்கப்படும் பக்கவாட்டு மேடைகளில் நின்று கத்துவார்கள். பக்கத்தில் பள்ளியின் பித்தளை வாத்தியக் குழு, சீருடையில் ஆடி உற்சாகமூட்டும் மாணவிகள், பழைய மாணவர்கள், ஊர்க்காரர்கள். வாத்தியக் குழுவினருக்கு அந்த வெயிலில் கருவி சூடேறி ஸ்வரம் பிசகும். ஈரத்துண்டு போர்த்திக் காப்பாற்றுவார்கள். களத்தில் ஆடியவர்கள் கொண்டுவரும் மண் சிறு சிறு குப்பிகளாகி இவர்களில் பலருக்கும் போய்ச்சேரும். பெற்றோருக்கு ஒன்று, பழைய பயிற்சியாளருக்கு ஒன்று, இறந்துபோன தாத்தாவின் படத்துக்கு முன்னால் வைக்க ஒன்று.

எடுக்காதவர்களும் உண்டு. மறுபடி வரப்போகிறோம், இப்போது எதற்கு மண் என்று தடுக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வசந்தப் போட்டியில் தோற்ற பல அணிகள் இதே காரணத்தால் கையை உதறிவிட்டுப் போகும். அடுத்த ஆண்டும் ஆட வாய்ப்புள்ள பையன் அண்ணன்கள் அள்ளும்போது சும்மா நிற்பதைப் பார்க்கலாம். அள்ளினால் ஆசை முடிந்துவிட்டது என்று அர்த்தம் என அவன் நினைக்கிறான். இந்தச் சடங்கில் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. ஆனால் யார் எப்போது எடுக்கலாம் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

பெண்களின் கதை வேறு. பல காலம் அந்தக் களம் மாணவர்களுக்கு மட்டுமே. 2016-இல் பயிற்சிக்கு உதவக் களத்தில் இறங்கிய ஓர் அணியின் மாணவி மேலாளரை வெளியேறச் சொன்னார்கள். பெரிய விவாதம் கிளம்பி, விதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மாணவியர் தேசியப் போட்டியின் இறுதியாட்டம் முதன்முறையாகக் கோஷியெனில் நடந்தது 2021-இல்.

அதற்கு முந்தைய ஆண்டு இந்த மண்ணுக்கு ஒரு சோதனை வந்தது. பெருந்தொற்றால் 2020-இன் வசந்த, கோடைப் போட்டிகள் இரண்டுமே ரத்தாகின. கோடைப் போட்டி ரத்தானது 1918 அரிசிக் கலவரத்துக்கும் 1941 போர்க்காலத்துக்கும் பிறகு அதுதான் மூன்றாவது முறை. இறுதியாண்டுப் பையன்களுக்கு மறு வாய்ப்பே கிடையாது. கோஷியெனைத் தாயகமாகக் கொண்ட தொழில்முறை அணியான ஹன்ஷின் டைகர்ஸும் மைதான நிர்வாகமும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. பள்ளி பேஸ்பால் குழுக்களில் இருந்த இறுதியாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கும் கோஷியென் மண் அடைத்த சாவிக்கொத்து அனுப்புவது என்று. டைகர்ஸ் வீரர்களே குனிந்து மண் சேகரித்தார்கள்.

மனம் நெகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது: தோற்காமல் கிடைத்த மண்ணுக்கு என்ன மதிப்பு? எனக்குத் தோன்றுவது இது. அந்த 50,000 பேரில் மிகப் பெரும்பாலோர் சாதாரண ஆண்டிலும் கோஷியென் பக்கமே போயிருக்க மாட்டார்கள். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஊர் மைதானத்தில் தோற்று வீடு திரும்பியிருப்பார்கள். அந்தத் தோல்வியைக்கூட அவர்கள் இழந்தார்கள். அவர்களுக்குப் போன மண் பரிசும் அல்ல, ஆறுதலும் அல்ல. நடக்காத ஓர் ஆட்டத்துக்கான சான்று.

2025 ஆகஸ்டில் ஒகினாவா ஷோகாகு பள்ளி கோடைப் பட்டம் வென்றது. 1958-இல் மண்ணைக் கடலில் கொட்டிய அதே தீவுக்குப் பட்டத்தின் செந்நிறக் கொடி போனது. ஒகினாவாவுக்கு அது இரண்டாவது கோடைப் பட்டம். முதலாவதை 2010-இல் கோனான் பள்ளி வென்றிருந்தது. ஆனால் அந்தக் கொடி எந்தப் பள்ளியிலும் தங்காது. அடுத்த ஆண்டின் தொடக்க விழாவில் அணித் தலைவர் அதைச் சுமந்து வந்து திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். வென்றவர்கள் கையில் இருப்பது ஓராண்டுக் கடன். தோற்ற 48 அணிகள் அள்ளிப்போன மண்ணை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மைதானப் பணியாளர்கள் புது மண் கலந்து நிரப்பிக்கொள்கிறார்கள்.