டிரைப்பின் நெகடிவில் மலை எங்கே முடிகிறது?

சேலம் ஜில்லாவின் பழைய படங்களைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் லின்னேயஸ் டிரைப்பிடம் வந்து நிற்பார்கள். கம்பெனி ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர், 1850களின் நடுவில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858இல் வந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் பற்றியது. (ராயக்கோட்டை இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம்.)

அந்தக் காலத்துப் படங்களை வைத்து, "அப்போ மலையெல்லாம் கருகருன்னு காடா இருந்திருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். சேர்வராயன் மலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு எவ்வளவு காடு போச்சு என்பதற்குப் படத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டால், முதலில் அந்தச் சாட்சியின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

நம் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். பகல் வெளிச்சத்துக்கு விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. ஒரு பொருள் எங்கே முடிகிறது என்று நுணுக்கமாகக் கண்டுபிடிக்கிற வேலையில் பெரும்பங்கு, சிவப்பு–மஞ்சள்–பச்சைப் பக்கத்து ஒளியை வாங்குகிற இரண்டு வகைகளுடையது. அவை இரண்டும் சேர்ந்து தருவதைத்தான் பெரும்பாலும் 'வெளிச்சம்' என்று உணர்கிறோம். நீலத்துக்கான கூம்புகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுப்புள்ளியில் அவை அறவே கிடையாது. விளிம்பு பார்க்க நாம் மிகக் குறைவாக நம்புவது நீலத்தைத்தான்.

டிரைப் காலத்து நெகடிவ் இதற்கு நேர் எதிர். மெழுகு பூசிய காகிதமோ, கொலோடியன் கண்ணாடியோ, நீலமும் ஊதாவும் மட்டுமே அதில் சரியாகப் பதியும். சிவப்பு பதியாது, பச்சை ஏதோ கொஞ்சம்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலம் பக்கம் பார்த்தால் தூரத்து மலைகள் நீலமாகத் தெரியும். நடுவில் இருக்கிற காற்று நீல ஒளியைச் சிதறடித்து மலை மேல் திரை போடுகிறது. அப்படியும் வானத்தைவிட மலை கொஞ்சம் இருட்டு என்பதால் நம் கண் கோடு கிழித்துவிடும். நெகடிவுக்கோ அந்தத் திரைதான் பளிச்சென்று தெரியும். மலையும் வானமும் ஒரே வெள்ளையாகிப் போகும். மேகமும் அந்த வெள்ளையில் கரைந்துவிடும். அதனால்தான் டிரைப் சில நெகடிவ்களில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். படத்தில் மேகம் இருக்கே என்று பருவமழைக் கணக்குப் போடக் கூடாது!

கிட்டத்துக் காட்சியில் சிக்கல் இன்னும் பெரிசு. சேர்வராயனின் மேல்தளத்து மண் நல்ல சிவப்பு, பாக்சைட் மண். இலை பச்சை. நம் கண்ணுக்கு நிறத்தாலேயே பளீரென்று பிரிகிற இந்த இரண்டும், நீலம் மட்டும் பார்க்கிற நெகடிவில் கிட்டத்தட்ட ஒரே கறுப்பு. வெட்டிய சரிவுக்கும் புதருக்கும் நடுவே கோடே இருக்காது. கோயில் கோபுரம், கோட்டைச் சுவர் போன்றவற்றின் விளிம்பை நம்பலாம், வெயிலும் நிழலும் செதுக்கித் தருகிறது. காட்டின் விளிம்பு அப்படி இல்லை.

1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயம் கலந்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறமும் பதியும் பான்குரோமாட்டிக் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. மலை விளிம்பு ஒருவழியாகத் திரும்பி வந்தது.

காபிப் பழம் மட்டும் அப்பவும் வரவில்லை. சில்வர் ஓக் நிழலில் வெயில் திட்டுத்திட்டாக விழும்போது, திட்டு ஒவ்வொன்றும் ஒரு பொய் விளிம்பு. பழம் பறிக்கிற பெண்கள் அதையெல்லாம் தள்ளிவிட்டு சிவப்பை மட்டும் எடுப்பது நிற வித்தியாசத்தால். எல்லா நிறமும் பதிந்த தட்டிலும் கடைசியில் கிடைப்பது சாம்பல்தானே. பழத்தின் சாம்பலும் இலையின் சாம்பலும் ஒட்டிக்கொண்டால், காய்த்துக் குலுங்குகிற செடிகூட வெறும் செடியாகத்தான் தெரியும்.