குடிசெயலும் கண்ணோட்டமும்: கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்வு

செனாவாங் வட்டாரத்தில் இன்று தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்கள் இருந்தன என்பதை ஈண்டுக் கூடியுள்ள ஆசிரியர்கள் அறிவர். மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு அறியலாம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் கட்டிய விளக்கொளியில் மரம் மரமாகச் சென்று பால்வெட்டியவர்கள் நம் முன்னோர். கத்தி சற்று ஆழச் சென்றால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் வடியாது. அத்தொழிலுக்குக் கையைப் போலவே கண்ணும் கூர்மையாக இருத்தல் வேண்டும். பார்வை மங்கிய தொழிலாளி வருமானத்தை இழந்தார். வீட்டுத் திண்ணையில் பிறர் துணையை நாடி அமர்ந்தார். முதுமை வந்தால் கண் மங்கும் என்று அவரும் பிறரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

நம் முன்னோர் விட்டுவந்த தமிழகச் சிற்றூர்களிலும் இதே நிலைதான் இருந்தது. அங்குப் பார்வை இழந்தோருள் பலருக்கு வந்திருந்த நோய் கண்புரை. கண்ணினுள் இருக்கும் வில்லை ஒளி புகாதபடி மங்கிவிடுவதே அந்நோய். அறுவை மருத்துவத்தால் அதனை நீக்கிப் பார்வையை மீட்கலாம். தீர்வு தெரிந்த நோயால் மக்கள் ஏன் இருளில் வாழவேண்டும் என்று கேட்டு, அக்கேள்விக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அவர் வரலாற்றை, அவருடைய குடும்பத்தின் வரலாறாகவும் நாம் படித்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவரில் அவரே மூத்தவர். எழுதுபொருள் அரிதாக இருந்த காலம் அது. ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுத்துப் பயின்றவர் அவர். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்ட துயரம் அவரை மருத்துவம் நாடச் செய்தது. மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் படிப்பை முடித்து, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

ஆனால் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் வளைந்து நிலையாகக் கோணிப்போயின. மகப்பேற்று மருத்துவம் இனி இயலாது என்றானது. அந்நிலையில் அவர் கண் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும், பின்னர் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களில் நுண்கருவியைப் பிடிக்கச் சிறிது சிறிதாகப் பழகினார்; தம் கைக்கேற்ற கருவிகளையும் வகுத்துக்கொண்டார். அக்கைகளால் அவர் செய்த கண் அறுவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டது என்பர். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைமையை ஏற்று, ஊர்தோறும் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். இந்திய அரசு 1973இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

வீட்டிலும் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. தந்தையின் மறைவுக்குப் பின் தம்பி தங்கையரின் கல்வியையும் திருமணத்தையும் அவரே முன்னின்று நடத்தினார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. மனைவி மக்கள் இல்லாதவரைக் குடும்பத்தவர் என்று கூறலாமா என்று மாணவர் வினவலாம். திருக்குறளில் குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரம் உண்டு. தான் பிறந்த குடியைத் தளராது உயர்த்துவோனைப் பற்றியது அது. அவ்வதிகாரத்தின் பொருள் விளங்க வாழ்ந்தவர் வெங்கடசாமி.

1976இல், 58ஆம் வயதில், அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிற்று. அவற்றுள் 6 படுக்கைகள் பணம் தர இயலாதவர்க்கு ஒதுக்கப்பட்டன. பொருள் வேண்டி அவர் தம் வீட்டை அடகு வைத்தார். கட்டடம் வளரும்போது பணம் போதாமல் குடும்பத்தார் நகைகளும் அடகுக்குச் சென்றன. தங்கை மருத்துவர் நாச்சியாரும் அவர் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமியும் அறுவைக் கூடத்தில் உடன் நின்றனர். தம்பி சீனிவாசன் கட்டடப் பணியையும் கணக்கையும் ஏற்றார். மற்ற உடன்பிறந்தாரும் இணையரும் தத்தமக்கு இயன்ற பொறுப்பில் அமர்ந்தனர். வெளியே கிடைக்கக்கூடிய ஊதியத்தையும் ஓய்வையும் அவர்கள் விட்டுக்கொடுத்தனர். மூத்தவரின் கனவுக்கு இளையோர் தந்த விலை அது. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒருவர் பெயரை மட்டும் பொறித்து மற்றவரை மறந்துவிடுகின்றனர். அது பிழை என்பதற்கு இம்மருத்துவமனையே சான்று.

அன்பு மட்டும் அந்நிறுவனத்தை நிலைநிறுத்தவில்லை. வசதியுடையோர் செலுத்திய கட்டணத்தில் மிஞ்சியதைக் கொண்டு வறியவர்க்கு இலவச மருத்துவம் அளிக்கப்பட்டது. இரு சாராருக்கும் மருத்துவர் ஒருவரே. அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரு மேசைகள் அமைத்தனர். ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவரை ஆயத்தம் செய்வர். சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்து ஈராண்டு பயிற்சியளித்து அப்பணியில் அமர்த்தினர். மருத்துவம் இலவசம் என்றாலும், வழிச்செலவுக்கும் உணவுக்கும் பணமின்றி ஏழைகள் வாராதிருந்ததை உணர்ந்து, முகாமிலிருந்து அவர்களை வண்டியில் அழைத்துவந்து உணவும் அளித்தனர். இறக்குமதியான செயற்கைக் கண்வில்லை அந்நாளில் நூறு டாலர் அளவில் விற்றது. 1992இல் அரோலேப் என்னும் நிறுவனத்தை மதுரையில் நிறுவித் தாமே வில்லை செய்து, அவ்விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தனர். தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி எனக் கிளைகள் பெருகின.

வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மதுரையில் காலமானார். அவர் வளர்த்த குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரும் கண் மருத்துவராகவும் மேலாளராகவும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

மொழி பயிலும் நாம் இங்கு ஒரு சொல்லை நினைவுகூர்தல் நன்று. கண்ணோட்டம் என்றால் இன்று பார்க்கும் கோணம் என்று பொருள் கொள்கிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்திற்கும் அதுவே பெயர்; ஆனால் அங்கு அதன் பொருள் இரக்கம். பிறர் துன்பத்தின்மேல் நம் கண் ஓடிச் சென்று நிற்பதே கண்ணோட்டம். வெங்கடசாமியின் கண் முதலில் தம்பி தங்கையர்மேல் நின்றது. பின்னர் முகம் அறியாத உழவர்மேலும் கூலியாள்மேலும் சென்றது. வீட்டில் பழகிய அன்பே வெளியிலும் விரிந்தது என்று நாம் கொள்ளலாம்.

தோட்டத்து லயங்களில் மூத்த அண்ணனோ அக்காளோ படிப்பை நிறுத்திப் பால்வெட்டி இளையோரைப் பள்ளிக்கு அனுப்பிய கதைகள் நம்மிடையே உண்டு. அவை ஏட்டில் ஏறவில்லை. மாணவர்கள் தத்தம் வீட்டில் அத்தகைய ஒருவரைத் தேடி, அவர் பெயரையும் அவர் விட்டுக்கொடுத்ததையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அம்மூத்தவருக்குப் பார்வை மங்கியிருப்பின், முதுமை என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும் நம் கடமையாகும்.