ஒரு மூட்டை டிஏபிக்குள் ஒரு கடல்

போன ஐப்பசியில் நடவுக்கு அடியுரம் வாங்கப் போனேன். "டிஏபி வரலை அண்ணாச்சி, வேணும்னா காம்ப்ளக்ஸ் எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கப்பல் வந்தாத்தான் மூட்டை வருமாம். தேவதானத்தில் மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் நெல் போடுகிறவனுக்கு எங்கேயோ வரும் கப்பலோடு என்ன சம்பந்தம்? அன்னைக்கு எரிச்சலாத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போனபோது அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது.

திருச்சி தாண்டி பாடாலூரில் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர். அதற்கும் அந்தப் பக்கம் காரை. ஊருக்கு வெளியே மழைத்தண்ணி அரித்து அரித்து, பள்ளமும் மேடுமா ஒரு களிமண் காடு கிடக்கிறது. மரம் மட்டை இல்லை. மண்ணுக்குள்ளே ஜிப்சம் பாளம் பாளமா வெயிலில் மின்னுது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, நத்தைக் கல்லு தேடுறீங்களா?" என்று கேட்டார். கணவாய் மீனுக்குச் சொந்தக்காரனான, துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான ஒரு கல்லைக் காட்டினார். பக்கத்தில் கிடந்த பழுப்பு உருண்டை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு, "இது சும்மா கல்லு" என்றார்.

நான் தேடி வந்ததே அந்தச் சும்மா கல்லைத்தான். அது பாஸ்பேட் உருண்டை.

ஏறத்தாழ 10 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் கடல். அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த இந்தியா பிரிந்து வந்த பிறகு, கிழக்குக் கரையோரம் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. பாறையை மழையும் ஆறும் கரைத்துக் கொண்டுவந்த மணிச்சத்து கொஞ்சம் கொஞ்சமா அந்தக் கடலில் சேர்ந்தது. எங்க மலையில் இருக்கிற மாதிரி பழைய பாறைகளிலும் அது துளித்துளியா உண்டு. கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை எடுத்துக்கொண்டன. அதை மீன் தின்றது, மீனைப் பெரிய மீன் தின்றது. செத்தது எல்லாம் அடியில் சேறாகப் படிந்தது. சேற்றுக்குள் உடம்பு மக்கும்போது மணிச்சத்து வெளியே வரும். காற்றுப் புகாத அந்தச் சேற்றின் ஈரத்தில் அது சுண்ணாம்போடு சேர்ந்து இறுகி, ஒரு சிப்பியையோ எலும்புத் துண்டையோ சுற்றி உருண்டை கட்டும். நம்ம எருக்குழியில் நடக்கிற வேலைதான், கல்லாகிற அளவுக்குப் பொறுமையா நடந்திருக்கு.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்துச் சிப்பிக் கற்களை 1840-களிலேயே பொறுக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிளான்போர்டு என்ற புவியியலாளர் ஊர் ஊராக நடந்து பாறைகளை வரிசைப்படுத்தி, 1862-ல் அறிக்கை வெளியானது. ஊட்டத்தூர் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு இன்றைக்கும் இருக்கிறது. உரத்துக்காக இந்த உருண்டைகளைக் கணக்குப் பார்த்தவர் வார்த். அப்போது உலகமே பாஸ்பேட் தேடிக்கொண்டிருந்த காலம். 1842-ல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் பாஸ்பேட்டில் கந்தக அமிலம் ஊற்றி, பயிர் எடுத்துக்கொள்கிற சூப்பர் பாஸ்பேட் செய்யக் காப்புரிமை வாங்கியிருந்தார். கேம்பிரிட்ஜ் பக்கம் வயலைத் தோண்டி இதே மாதிரி உருண்டைகளை அள்ளினார்கள். இங்கே 1893-ல் வார்த் சொன்னது: 200 அடி ஆழம் வரைக்கும் 80 லட்சம் டன் இருக்கலாம்.

80 லட்சம் டன்! அப்புறம் ஏன் நான் கப்பலுக்குக் காத்திருக்கணும்?

அவர் எழுதிய இன்னொரு எண்ணில் விடை இருக்கு. தோண்டிப் பார்த்த குழிகளில் 100 கன அடி மண்ணுக்கு 27 முதல் 47 பவுண்டு உருண்டைதான் கிடைத்தது. 100 கன அடி என்றால் நம்ம ஊரில் ஒரு யூனிட். ஒரு யூனிட் மண்ணைத் தோண்டிச் சலித்தால் 12-லிருந்து 21 கிலோ. அதில் மணிச்சத்து கால் பங்கு. ஒரு மூட்டை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து. ஆக ஒரே ஒரு மூட்டைக்கு ஈடாக நாலிலிருந்து ஏழெட்டு யூனிட் மண்ணைப் புரட்டணும். அந்தக் கடலில் சேறு அதிகமா வந்து விழுந்திருக்கிறது. உருண்டைகள் அதற்குள் சிதறிப்போச்சு. போதாததற்கு உருண்டையிலேயே சுண்ணாம்பும் கலந்திருக்கு. ஊற்றுகிற அமிலத்தை அதுவே குடித்துவிடும். 1906-ல் ராணிப்பேட்டையில் நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்தது. காரை மண் காரையிலேயே கிடந்தது.

மொராக்கோவின் பழைய கடலில் சேறு குறைவு. கீழிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் லட்சக்கணக்கான வருஷம் மேலே வந்துகொண்டே இருந்தது. சுறாப் பல்லும் எலும்பும் பாஸ்பேட்டும் அடுக்கடுக்கா சேர்ந்தது. உலகத்தில் தெரிந்த இருப்பில் சுமார் 70 சதம் இன்றைக்கு அங்கேதான். நமக்கும் 1968-ல் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் நல்ல பாறை கிடைத்தது. அது நூறு கோடி வருஷத்துக்கும் மேலே பழைய கடலில் பாசிகள் கட்டியது. ஆனாலும் தேவைக்குப் பத்தாது.

பெரியவர் தள்ளிவிட்ட உருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உரலில் இடித்து, பாதியை நாலு தக்காளிச் செடி மூட்டில் போட்டுப் பார்த்தேன். பக்கத்துச் செடிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை. அமிலம் படாத பாஸ்பேட் எங்க மண்ணில் அவ்வளவு சீக்கிரம் கரையாது. புத்தகத்தில் இருந்ததுதான், ஆனாலும் செய்து பார்த்தால்தானே நமக்குத் திருப்தி.

அதே வாரம் மண் பரிசோதனை அட்டை வந்தது. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம். இருபது வருஷமா ஒவ்வொரு போகத்துக்கும் நான் கொட்டினது! பயிர் எடுத்தது போக மிச்சமெல்லாம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கு. கப்பலுக்குக் காத்திருந்த மொராக்கோக் கடல் என் காலடியில்தான் கிடந்திருக்கு.

இந்தப் போகத்தில் இரண்டு ஏக்கருக்கு டிஏபி போடலை. தொழுவுரத்தோடு பாஸ்போபாக்டீரியா கலந்து போட்டிருக்கேன். மற்ற இரண்டில் வழக்கம்போல. வீட்டுக்காரிக்குப் பயம்தான், "அறுப்புக்கு அப்புறம் கல்லைத்தான் ஆக்கிப் போடணும்" என்கிறாள். மிச்சமிருந்த பாதி உருண்டையை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியட்டும் என்று. தை கடைசியில் களத்துக்கு வரும். மூட்டைக் கணக்கை அப்போது எழுதுகிறேன்.