நைட்ரேட் நீக்கி

'நீங்கு' தன்வினை, 'நீக்கு' பிறவினை. இகரம் சேர்ந்து 'நீக்கி' என்றால் நீக்குவது. இது குலப்பெயரன்று, செய்யும் தொழிலால் வந்த பெயர். சூடோமோனாஸ், பாராகாக்கஸ் என உறவில் எட்ட நிற்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாதபோது நைட்ரேட்டால் சுவாசித்து நைட்ரஸ் ஆக்சைடையோ நைட்ரஜனையோ வெளியிடுவதால் இப்பெயர் பெறுகின்றன. ஆகவே மண்ணில் இவற்றை எண்ணும்போதும் செயலே சான்றாக வேண்டும். மண்ணைப் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, நைட்ரேட் கலந்த ஊடகக் குழாய்களில் வளர்த்து, எத்தனை குழாய்கள் மாறின என்பதிலிருந்து எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள். நைட்ரேட் மறைந்தால் மட்டும் போதாது; நைட்ரைட்டோடு நின்றுவிடும் பாக்டீரியாக்கள் ஏராளம். வாயு எழ வேண்டும். குழாயில் வளராதவை விடுபடுமே, மரபணுக்களை எண்ணினால் என்ன என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மரபணு காட்டுவது திறனை மட்டுமே. குழாயிலோ செயலே நடந்துகாட்டுகிறது, பெயரும் அதைத்தான் கேட்கிறது.