மேடையேறிய பார்வையாளர்

நடிப்போர் மேலே, காண்போர் கீழே என்பது நாடக உலகில் நெடுங்காலமாக நிலவிவரும் முறை. மேடையில் அநீதி நிகழ்கையில் நாம் கண்ணீர் வடிக்கிறோம். நாயகன் வெல்கையில் கைதட்டுகிறோம். திரை விழுந்ததும் வீடு திரும்புகிறோம். நமக்கும் சேர்த்து மேடையிலுள்ளோரே போராடி முடித்துவிடுகின்றனர். இம்முறையை மாற்றத் துணிந்தவர் பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் (1931–2009).

வேதிப் பொறியியல் பயின்ற போவால், 1956இல் சாவோ பாலோ நகரின் அரேனா நாடகக் குழுவில் இயக்குநராகச் சேர்ந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் அக்குழு வறுமை மிக்க வடகிழக்குப் பகுதிக்குச் சென்று, நிலத்தின் பொருட்டுக் குருதி சிந்தவும் அஞ்சலாகாது என உழவர்க்கு எழுச்சியூட்டும் நாடகம் ஒன்றை நடத்திற்று. நடிகர் கைகளில் துப்பாக்கிகள் இருந்தன. உளம் நெகிழ்ந்த உழவர் ஒருவர், நிலக்கிழாரின் ஆட்களை விரட்ட உடனே புறப்பட்டு வருமாறு அவர்களை அழைத்தார். கையிலிருப்பவை போலித் துப்பாக்கிகள் என்று நடிகர்கள் விளக்கினர். துப்பாக்கி போலியாயினும் ஆட்கள் மெய்தானே, ஆயுதம் தம்மிடம் உண்டு என்றார் உழவர். அவர்கள் நாணி நின்றனர். மேடையில் தாம் சிந்தச் சொன்ன குருதி தம்முடையதன்று, அவ்வுழவர்களுடையது என்பது அப்போதுதான் போவாலுக்குப் புலனாயிற்று. தாம் செய்யத் துணியாத ஒன்றைப் பிறரைச் செய்யுமாறு ஏவும் உரிமை கலைஞனுக்கு இல்லை என்று தெளிந்தார்.

1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1971இல் போவால் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளாகி, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி அர்ஜென்டினாவில் தங்கினார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றுகையில் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவி என்ன செய்ய வேண்டும் எனக் காண்போரைக் கேட்டு, அவர்கள் கூறியபடி நடிகர் நடித்துக் காட்டினர். ஒரு பெண்மணிக்கு மட்டும் எதுவும் நிறைவளிக்கவில்லை. நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். அவர் மேடையேறி, தம் மனத்திலிருந்ததைத் தாமே நடித்துக் காட்டினார். பிறர் சொல்லில் அடங்காத கருத்து அவர் செயலில் வெளிப்பட்டது.

இங்ஙனம் பிறந்ததே மன்ற அரங்கு. ஓர் ஒடுக்குமுறையைக் காட்டும் சிறு நாடகம் முதலில் தோல்வியில் முடியும். அதுவே மீண்டும் தொடங்கும்போது, காண்போருள் எவரும் நிறுத்தச் சொல்லி, ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். எதிரில் நிற்கும் நடிகர் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார். வாழ்க்கையிலும் ஒடுக்குவோர் விட்டுக்கொடுப்பதில்லை அன்றோ? இரு சாராரையும் இணைத்து உரையாடலை நடத்துபவரை ஜோக்கர் என்பர். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை இவர் நினைவூட்டுவார். ஆயினும் தீர்ப்புக் கூறுவது இவர் பணியன்று. வினா எழுப்புவதே பணி. 1974இல் வெளிவந்த போவாலின் நூல் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்னும் பெயர் பெற்றது. பாவ்லோ பிரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோர் கல்விமுறை' என்ற நூலை அப்பெயர் எதிரொலிக்கிறது.

1986இல் தாயகம் திரும்பிய போவால், 1992இல் ரியோ டி ஜெனீரோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் மேடையில் முயன்று கண்ட தீர்வுகளை அவர் மன்றத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் பதின்மூன்று சட்டங்களாயின. நகர மருத்துவமனைகளில் முதியோர் நோய் மருத்துவர் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முதியவர்கள் நடித்த நடிப்பு முதியவர்க்கே மருத்துவம் தேடித் தந்தது!

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றியுள்ளது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் 1985இல் தோன்றிய ஜன சன்ஸ்கிருதி என்னும் அமைப்பு, பின்னர் இம்முறையைக் கைக்கொண்டது. வரதட்சணை, குடும்ப வன்முறை, கள்ளச்சாராயம் ஆகியவை குறித்துச் சிற்றூர் மக்களே நடித்தனர். சிற்றூர் மக்களே எழுந்து வந்து கதையை மாற்ற முயன்றனர்.

மேடையில் ஒருமுறை எழுந்து நின்றதனால் வாழ்க்கை மாறிவிடுமா என்று ஐயுறுவோர் உண்டு. மாறும் என்று போவாலும் உறுதி கூறவில்லை. நாடகம் புரட்சிக்கான ஒத்திகை என்றே கருதினார். அச்சத்தால் வாயடைத்திருந்த ஒருவர் ஊரறிய ஒருமுறை 'இல்லை' என்று சொல்லிப் பழகிவிட்டால், அச்சொல் மறுமுறை எளிதாகும். ஆண்டுவிழாதோறும் மேடை அமைத்து நாடகம் நடத்தும் நம்மனோர், பார்த்திருப்போரின் இருக்கைகளிலும் சொல்லப்படாத கதைகள் அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.