சுமை குறைந்தபோது மாறிய பார்வை

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளோடு கனத்த காமிராவைச் சுமந்து அலைவது அவருக்குப் பெரும்பாடு. அவர் திரைப்படச் சுருளைக் கொண்டு இயங்கும் கையடக்கக் காமிரா ஒன்றை 1914 வாக்கில் உருவாக்கினார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உள்ளே பிரதிபலிக்கும் ஆடி கிடையாது. கழற்ற முடியாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே.

லென்ஸை மாற்றும் வசதி 1930இல் வந்தது. ஆனாலும் 1932இல் லைக்காவைக் கைக்கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸுடனேயே உலகைச் சுற்றினார். அது தொலைவை அருகாக்கித் தராது. முகம் வேண்டுமெனில் நடந்துதான் நெருங்கவேண்டும்.

2008இல் வெளிவந்த பானசோனிக் ஜி1 முதலான ஆடியற்ற டிஜிட்டல் காமிராக்களிலும் தொடர்வது பார்னாக்கின் கனவே. பயணத்திற்கு எந்த லென்ஸ் என்ற கேள்வியோ, மனிதர்களை எவ்வளவு நெருங்கத் துணிகிறோம் என்ற கேள்விதான்.