கூண்டைத் திறந்த பிறகு

"ஜவ்வாது மலைக்குப் போற வண்டி எதுலயாவது குடுத்தனுப்பி காட்டுல விட்டுடச் சொல்லுடா. கடைசி காலத்துலயாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டு முயலைப் பற்றித்தான் சொன்னாள். அக்கா பெண் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. இப்போது அவள் கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். முயலுக்கு ஏழு வயது. ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது, பின்னங்கால் ஒன்று இழுக்கிறது, பல் கோணலாக வளர்ந்து புல்லைக் கடிக்கவிடாமல் தடுக்கிறது. திருப்பத்தூரில் நாங்கள் பார்த்த மாட்டு டாக்டர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆடு மாடுன்னா சொல்லிடுவேன், முயல் எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவின் யோசனையில் கருணை இருந்தது. ஆனால் காட்டுக்குள் போனால் அந்த முயல் இரண்டு நாள்கூடத் தாங்காது. நம் மலைகளில் திரியும் காட்டு முயலும் வீட்டு முயலும் வெவ்வேறு பேரினங்கள். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவின் வளை முயல். அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறந்து, வளைக்குள் தாயின் வயிற்று முடியில் சுருண்டு கிடக்கும். எங்கள் முயல் ஜவ்வாது மலையைக் கூண்டுக் கம்பி வழியாகக்கூடப் பார்த்ததில்லை. அதற்கு அது சொந்தக் காடும் இல்லை.

மலையின் மறுபக்கம், போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. அங்கே பாறையோடு சேர்த்துச் செதுக்கப்பட்ட நேமிநாதர் சிலை சுமார் 16 மீட்டர் உயரம். தமிழ்நாட்டுச் சமணச் சிலைகளில் மிக உயரமானது இதுதான். நேமிநாதர் துறவியான கதை தெரியுமா? கல்யாண ஊர்வலத்தில் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் விலங்குகளின் ஓலம் கேட்கிறது. விருந்துக்கு வெட்டுவதற்காக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவற்றை விடுவிக்கச் செய்து, கல்யாணத்தையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

சின்ன வயதில் கேட்டபோது கதை அங்கேயே முடிந்துவிட்டது. இப்போது எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. திறந்துவிட்ட விலங்குகள் எங்கே போயின? அதில் கால் ஒடிந்தது ஒன்று இருந்திருந்தால் அதை யார் பார்த்துக்கொண்டார்கள்? விடுதலைக்குப் புராணம் உண்டு. அதற்குப் பிந்தைய நாட்களுக்குக் கணக்கு நோட்டுதான் உண்டு. அந்த நோட்டைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அகப்படுபவர் அசோகர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அவரது இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நட்டதாகவும் சொல்கிறது. அவருடைய ஆட்சிக்கு வெளியே இருந்த சோழ, பாண்டிய, கேரளபுத்திர, சத்தியபுத்திர நாடுகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. யார் இந்தச் சத்தியபுத்திரர் என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி, எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். உலகின் மிகப் பழைய விலங்கு மருத்துவ அறிவிப்புகளில் ஒன்றில் எங்கள் அக்கம்பக்கம் இடம்பெற்றிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஆனால் கல்வெட்டு பேசுவது சிகிச்சையைப் பற்றி மட்டும்தான். குணமாகாத விலங்கைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் ஓர் இத்தாலியர். பியெத்ரோ தெல்லா வாலே என்ற பயணி 1623இல் குஜராத்தின் காம்பே நகருக்கு வந்தார். அங்கே பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை, ஆடுகளுக்கு ஒன்று, கால் முறிந்த மாடு கன்றுகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்தார். ஆதரவற்றுக் கிடைத்த எலிக்குஞ்சுகள் சிலவும் அங்கே இருந்தன. வெண்தாடிக் கிழவர் ஒருவர் அவற்றைப் பஞ்சு விரித்த பெட்டியில் வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பறவை இறகால் தொட்டுத் தொட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாராம். விலங்குகளோடு ஒரு மனிதனும் இருந்தான். திருட்டுக்குத் தண்டனையாக இரண்டு கைகளும் வெட்டப்பட்டவன். பிழைக்க வழியில்லாத அவனையும் அங்கேயே வைத்துச் சோறு போட்டார்கள்.

நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்த ஒரு காட்சிக்குள் எல்லாமே இருக்கிறது. எலிக்குஞ்சால் யாருக்கும் லாபமில்லை. பசு மாதிரிப் புனிதமும் கிடையாது. அதற்காக ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தகைய இடங்களுக்குப் பெயர் பிஞ்ஜராபோல். பிஞ்ஜரா என்றால் கூண்டு. நடத்தியவர்கள் பெரும்பாலும் சமண, வைணவ வணிகர்கள். பணத்துக்குத் தங்கள் சரக்குகள் மீது தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள். நம் ஊர் வியாபாரிகளின் மகமை மாதிரிதான். 1832இல் பம்பாயில் ஆங்கிலேய அரசு தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியபோது பார்சிகள் முன்னின்று பெரும் கலவரம் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1834இல், ஜம்சேத்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் அமிசந்த் ஷா என்ற வணிகரும் சேர்ந்து பம்பாய் பாஞ்ஜராபோலை நிறுவினார்கள். கொல்லாதே என்று கத்தியவர்கள் சோறு போடும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். சென்னையில் 1906இல் ஒரு பிஞ்ஜராபோல் தொடங்கியது. இன்றும் அயனாவரத்தில் இருக்கிறது. காலப்போக்கில் இந்த இடங்கள் பெரும்பாலும் மாடுகளுக்கானவை ஆகிவிட்டன. எலிப்பெட்டி ஓரத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொல்லக் கூடாது என்ற விதியைக் காப்பாற்றிவிட்டு, புழுத்த புண்ணோடு விலங்கை மூலையில் போட்டு வைப்பதும் நடந்தது. காந்தி இதை நேருக்கு நேர் சந்தித்தார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாமல் வலியில் துடித்தது. ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சம்மதித்தார், அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார். நாடெங்கும் இருந்து வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. கொல்லாமையும் பேணுதலும் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டையும் செய்ததாக நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.

இனி கினிப்பன்றிக்கு வருவோம். ஆண்டிஸ் மலைக்காரர்கள் உணவுக்காகப் பழக்கிய பிராணி, ஐரோப்பா போய்ச் செல்லப்பிராணியாகி, பிறகு ஆய்வகத்துக்குள் நுழைந்தது. 1882இல் ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியை நிரூபித்தது கினிப்பன்றிகளை வைத்துத்தான். சென்னைக்கும் அதில் பங்குண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அடுத்த வருடம் வெளியான ஓர் ஆய்வில், சென்னை நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டார்கள். நம் ஊர்க் கிருமிகளில் பல வீரியம் குறைந்தவை என்று தெரியவந்தது. மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள். கினிப்பன்றிகளுக்குப் போக வீடில்லை.

அதே 1960இல்தான் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் விடாமல் போராடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் வழிகாட்டுதல்கள் பிற்காலத்தில் இன்னும் ஒரு படி போயின. சோதனைக்குப் பிறகு விலங்கைப் பராமரிப்பது ஆய்வாளரின் பொறுப்பு, அந்தச் செலவையும் ஆய்வுச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்றன. காகிதத்தில் அழகான வரி. ஆனால் சிறு விலங்குகளைப் பொறுத்தவரை பெரும்பாலான சோதனைகள் உடலை அறுத்துப் பார்ப்பதோடுதான் முடிகின்றன.

நான் மென்பொருள்காரன். ஒரு பொருளை 'எண்ட் ஆஃப் லைஃப்' என்று கம்பெனி அறிவித்தால், இனிமேல் அதற்கு ஆதரவு கிடையாது, ரிப்பேர் கிடையாது, கேள்வி கேட்காதே என்று அர்த்தம். காம்பே கிழவரின் வேலை சரியாக அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த வேலையில் புனிதம் குறைவு, விவரம் அதிகம். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்துத்தான் அது தேய வேண்டும். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் குடல் நின்றுபோகும். கினிப்பன்றியின் உடல் நம்மைப் போலவே வைட்டமின் சியைத் தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் ஸ்கர்வி நோயை ஆராய்ந்ததே அதன் உடலில்தான். ஆகவே கிழட்டுக் கினிப்பன்றிக்குத் தினமும் கொஞ்சம் கொய்யாவோ குடைமிளகாயோ வேண்டும். தனியாகவும் இருக்காது. சுவிட்சர்லாந்தில் சட்டமே அதைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கிறது. ஜோடியில் ஒன்று செத்துவிட்டால், மிஞ்சியதன் கடைசி நாட்களுக்குத் துணை ஒன்றை இரவல் தருகிறவர்களும் அங்கே உண்டு.

எங்கள் முயலைப் பெங்களூருக்குத் தூக்கிப் போய்ப் பல்லைச் சீர்செய்து வந்தேன். கண் திரும்பாது, கால் சரியாகாது என்றார்கள். வலி தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அந்த டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். அந்த நாள் வந்தால் காந்தியின் கன்று ஞாபகம் வரும். இப்போதைக்கு அது சாப்பிடுகிறது. அருகம்புல்லை அரைத்து, தண்ணீர் கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளைக்குடா இது?"

"தெரியலம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ திங்கக்கிழமை கிளம்பிடுவ. அந்த சிரிஞ்ச எப்படிப் புடிக்கணும்னு காட்டு" என்று சொல்லிவிட்டு, தன் கண்ணாடியை எடுத்துவர உள்ளே போனாள்.